கிணறும் 'டீப்பன்', உறவும் 'டீப்பன்': தமிழில் எல்லாவற்றுக்கும் 'ஆழப்படுத்து' போடலாமா?

எஸ்டேட் ரைட்டர், ஏற்காடு

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கிறேன். செக்ரோல் என்கிற ஆட்கள் வருகைப் பதிவேடு எழுதுவது, சம்பளக் கணக்கு பார்ப்பது, மேல் ஆபீஸிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதத்தைத் தமிழில் எழுதி மஸ்டர் எடுக்கும் (ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும்) இடத்தில் ஒட்டுவது, இதெல்லாம் என் வேலை. போன வாரம் அப்படி ஒட்டிய ஓர் அறிவிப்பால் ஆட்களுக்குள் தேவையில்லாத பயம் வந்துவிட்டது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

கடிதத்தில் 'டீப்பன்' (deepen) என்ற ஒரே வினை மூன்று இடத்தில் வந்தது. பள்ளத்தில் இருக்கும் திறந்தவெளிக் கிணற்றை டீப்பன் செய்யப் போகிறோம் என்பது ஒன்று. தண்ணீர்த் தட்டுப்பாடு டீப்பன் ஆகிக்கொண்டே வருவதால் பிப்ரவரி, மார்ச்சில் காப்பி பூப்பதற்கு ஸ்பிரிங்ளர் போடுவது சிரமமாக இருக்கும் என்பது இன்னொன்று. கடைசியாக, தொழிலாளர்களுடன் இருக்கும் 'என்கேஜ்மென்ட்'டை டீப்பன் செய்ய மாதம் ஒரு கூட்டம் நடத்தப்படும் என்று இருந்தது. அகராதியில் பார்த்தேன், 'ஆழமாக்கு, ஆழப்படுத்து' என்று போட்டிருந்தது. சரி என்று மூன்றுக்கும் அதையே வைத்து 'கிணற்றை ஆழப்படுத்துதல்', 'ஆழமடைந்து வரும் தண்ணீர்த் தட்டுப்பாடு', 'தொழிலாளர்களுடனான ஈடுபாட்டை ஆழப்படுத்துதல்' என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

மறுநாள் காலை பல வருடமாகப் பழம் பறிக்கிற ஓர் அம்மா என்னிடம் வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, பேரன் படித்துக் காட்டியிருக்கிறான். "சாமி, கிணத்த ஆழப்படுத்துறது புரியுது. எங்க ஈடுபாட்ட ஆழப்படுத்துறதுன்னா என்ன? எங்களக் கீழ எறக்கப் போறாங்களா, இல்ல கூலியில கை வைக்கப் போறாங்களா?" என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கோடையில் வேலைநாள் குறைந்துவிடுமோ என்று எல்லோருமே பயந்துகொண்டிருக்கிற நேரத்தில், நல்ல செய்தியாகச் சொல்ல வேண்டியதை நான் அவர்கள் வயிற்றில் புளியைக் கரைக்கிற மாதிரி எழுதிவிட்டேன்.

என் கேள்வி இதுதான். 'டீப்பன்' என்பதற்கு உண்மையில் என்ன அர்த்தம்? அதற்குத் தமிழில் ஒரே சொல் இருக்கிறதா, இல்லை இடத்துக்கு இடம் மாற்ற வேண்டுமா? மாற்ற வேண்டும் என்றால் எதை வைத்து முடிவு செய்வது? நாளை மறுநாள் புது அறிவிப்பு ஒட்ட வேண்டும்.


ஓமலூர் வாத்தியார்

தம்பி, பள்ளியில் ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். இந்தச் சொல்லை அக்கக்காகப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'டீப்' என்ற பெயரடையோடு 'என்' என்ற விகுதியை ஒட்டினால் 'டீப்பன்'. இந்த வடிவம் ஆங்கிலத்தில் 1600 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது. வைட் வைடன் ஆகிறது, டார்க் டார்க்கன் ஆகிறது, ஷார்ட், சாஃப்ட், வீக், பிளாக், ரெட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆனால் கூலன், தின்னன், கிரீனன் என்று யாரும் சொல்வதில்லை, ஏன் என்று வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் விழிப்பார்கள். காரணம் கடைசி ஒலியில் இருக்கிறது. ப், ட், க், ஃப் மாதிரி மூச்சைத் தடுத்தோ உரசியோ வெளிவிடுகிற ஒலியில் முடியும் சின்னச் சொற்களுக்குத்தான் இந்த விகுதி ஒட்டும். ன், ம், ல், ர் அல்லது உயிர் ஒலியில் முடிந்தால் பெரும்பாலும் ஒட்டாது, அந்தச் சொல்லே அப்படியே வினையாகிவிடும்: கூல், தின், வார்ம், கிளியர், ஸ்லோ, டிரை. லாங், ஸ்ட்ராங், ஹை மூன்றும் வேறு வழியில் போய், லெங்த், ஸ்ட்ரெங்த், ஹைட் என்ற பெயர்ச்சொல்லில் விகுதியை ஒட்டிக்கொள்கின்றன. அதைப் பார்த்து 'டெப்த்' இருக்கிறதே என்று 'டெப்தன்' என்று எழுதிய பிள்ளைகள் உண்டு. அப்படி ஒரு சொல் கிடையாது. 'டீப்' என்பதையே வினையாக்கி இறந்தகாலத்தில் 'டீப்ட்' என்று எழுதுவதும் தப்பு. டீப்பன், டீப்பன்ட், டீப்பனிங், அவ்வளவுதான். எழுதும்போது கடைசி 'என்' எழுத்தை இரட்டிக்கக் கூடாது, ஏனென்றால் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது.

இப்போது பொருளுக்கு வருவோம், இதில் இரண்டு விஷயம் முக்கியம்.

முதல் விஷயம், ஏற்கெனவே ஓர் ஆழம் இருந்தால்தான் டீப்பன் செய்ய முடியும். வெறுந்தரையில் கிணறு வெட்டினால் அது 'டிக்'. இருக்கிற கிணற்றை இன்னும் கீழே கொண்டுபோனால்தான் 'டீப்பன்'. அதேபோல டீப்பன் ஆனது என்றால் மிகவும் ஆழமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, முன்னைவிடக் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். முழங்கால் ஆழக் குழியை இடுப்பளவு ஆக்கினாலும் டீப்பன்தான், அதை யாரும் ஆழமான குழி என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே உங்கள் மேல் ஆபீஸ்காரர்கள் 'என்கேஜ்மென்டை டீப்பன் செய்கிறோம்' என்று எழுதும்போது, உறவு ஏற்கெனவே இருக்கிறது, அதை இன்னும் கூட்டுகிறோம் என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் எழுதும்போது அந்த 'இன்னும்' விழுந்துவிட்டால் பாதி அர்த்தம் போய்விடும்.

இரண்டாவது, ஆங்கிலத்தில் இந்த ஒரே வினை தன்வினையாகவும் வரும், பிறவினையாகவும் வரும். கிணற்றை நாம் டீப்பன் செய்யலாம், காயம் தானாகவே டீப்பன் ஆகலாம், சொல்லில் எந்த மாற்றமும் இருக்காது. நமக்கு அப்படி இல்லை. திருந்து, திருத்து, ஆழ், ஆழ்த்து, ஆழமாகு, ஆழமாக்கு. யார் செய்தது, தானாக நடந்ததா என்பதைத் தமிழ் வினை சொல்லியே தீரும். ஆகவே மொழிபெயர்க்கும் முன்னால் இதை ஒருவர் செய்கிறாரா, தானாக நடக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தட்டுப்பாட்டை யாரும் உண்டாக்கவில்லை, அதுவாகக் கூடுகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 'ஆழ்த்து' என்பதை டீப்பனுக்குப் போட்டுவிடாதீர்கள். 'ஊரையே சோகத்தில் ஆழ்த்தியது' என்றால் சோகத்துக்குள் முக்கியது என்று பொருள், இருந்த சோகம் கூடியது என்று அல்ல. ஆழ் என்ற வேருக்கே முங்கு, அமிழ் என்ற பொருள் உண்டு. அந்த அம்மா 'எங்களக் கீழ எறக்கப் போறாங்களா' என்று கேட்டது சும்மா இல்லை தம்பி. தமிழ் காதுக்கு அப்படித்தான் கேட்கும்.


கிணத்து வேலை, வாழப்பாடி

ரைட்டர் அண்ணா, நான் கிணறு வெட்டுகிற குடும்பம். எங்கள் தாத்தா கடப்பாரையும் கூடையுமாக இறங்கினார், நாங்கள் கம்ப்ரசரும் கிரேனும் வைத்துச் செய்கிறோம். மொழி பற்றி வாத்தியார் சொல்லிவிட்டார், நான் வேலை பற்றிக் கேட்கிறேன். உங்கள் கிணற்றில் உண்மையிலேயே ஆழப்படுத்துகிறார்களா, இல்லை தூர்தான் எடுக்கிறார்களா?

ஏன் கேட்கிறேன் என்றால் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். மழைக்கு மேலேயிருந்து மண் அரித்து வந்து கிணற்றில் சேறு கட்டும், இலை தழை மக்கும், ஓரத்துக் கல் சரிந்து விழும். அதையெல்லாம் அள்ளிப் பழைய அடியைக் காட்டுவதற்குப் பெயர் தூர் வாருதல், எங்கள் பக்கம் சேறு எடுப்பது என்றும் சொல்வோம். பழைய அடியையும் தாண்டிப் புதிதாகப் பாறையை உடைத்துக் கீழே போனால்தான் ஆழப்படுத்துவது. நாங்கள் பேசும்போது 'இன்னும் பத்தடி இறக்கணும்' என்போம். சேறு எடுக்க நாலு ஆளும் கிரேனும் போதும். இறக்குவது வேறு வேலை. சேர்வராயன் மலை முழுக்கச் சார்னோக்கைட் என்கிற கெட்டிக் கருங்கல், மேலே மண் இருக்கிற வரைக்கும்தான் மண்வெட்டி பேசும், அப்புறம் துளை போட்டு வெடி வைக்காமல் முடியாது. அப்படி வெடி வைப்பதாக இருந்தால் அறிவிப்பில் அது முதல் வரியில் வர வேண்டும். பக்கத்தில் பழம் பறித்துக்கொண்டிருக்கிற ஆட்களுக்கு எத்தனை மணிக்கு வெடி, எந்தப் பக்கம் போகக்கூடாது என்று தெரிய வேண்டாமா? சொல்லைச் சரியாகப் போடுவது அழகுக்காக மட்டும் இல்லை அண்ணா.

ஏரி விஷயத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. ஏரி, குளங்களைச் சீரமைக்கும் குடிமராமத்து 2017இல் மறுபடி ஆரம்பித்ததிலிருந்து எங்கள் பக்கம் எல்லோரும் 'ஏரியை ஆழப்படுத்துகிறோம்' என்றே சொல்லப் பழகிவிட்டார்கள். ஏரியை அப்படி இஷ்டத்துக்கு ஆழப்படுத்தக் கூடாது. மதகு எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதற்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது, குழியில் நிற்கும். நிலத்தடிக்கு இறங்கும், மாடு குடிக்கும், அது நல்லதுதான், ஆனால் பாசனத்துக்கு ஏரி பெரிதாகிவிட்டது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வண்டல் எடுப்பது வேறு, பள்ளம் பறிப்பது வேறு.

இன்னொன்று எனக்குத் தோன்றியது, வாத்தியார் சரியா என்று சொல்லட்டும். ஆழம் இரண்டு வழியில் கூடும் இல்லையா? கிணற்றில் அடி கீழே போவதால் கூடும். ஆற்றில் வெள்ளம் வந்தால் மேல்மட்டம் உயர்வதால் கூடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் டீப்பன் சொல்வார்கள் என்று என் பையன் சொல்கிறான். நாம் கிணறு இறங்குகிறது என்போம், தண்ணீர் ஏறுகிறது என்போம். மேட்டூர் அணை 120 அடியைத் தொடப் போகிறது என்றால் ஊரே 'டேம்ல தண்ணி ஏறிருச்சு' என்றுதான் பேசுமே தவிர, டேம் ஆழமாகிவிட்டது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?


ஓமலூர் வாத்தியார்

சரிதான் தம்பி, உங்கள் பையன் சொன்னது முழுக்கச் சரி. வெள்ளம், தரையில் கொட்டிக் குவியும் பனி இரண்டுக்கும் ஆங்கிலத்தில் டீப்பன் வரும், இரண்டும் மேல்நோக்கிக் கூடுகிறவை. ஆங்கிலம் மேலிருந்து கீழ்வரை உள்ள தூரத்தை மட்டும் பார்க்கிறது, நாம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பார்க்கிறோம். இத்தனை வருடம் பாடம் எடுத்தும் இந்த வித்தியாசம் எனக்குத் தோன்றவில்லை.


செய்தி மேசை, சேலம்

பல வருடமாக ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், இந்த டீப்பன் எனக்குத் தினமும் வரும் சொல். முன்பு நானும் கண்ணை மூடிக்கொண்டு 'ஆழமடைந்தது' போட்டவன்தான், பிழைதிருத்தும் பெரியவர் ஒருவர் சிவப்பு மையில் அடித்துவிட்டு ஓரத்தில் "எது?" என்று மட்டும் எழுதுவார். எது ஆழமாகிறது என்று பார், அந்தப் பொருளுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு வினை இருக்கும் என்பது அவர் கணக்கு. இன்றுவரை எனக்கு அதுதான் வழிகாட்டி.

எங்கள் மேசைக்கு வருகிறவற்றைச் சொல்கிறேன். நெருக்கடி டீப்பன் ஆனால் முற்றுகிறது. பகையும் நோயும் அப்படியே, முற்றுவதுதான் அவற்றின் வினை. சந்தேகம் வலுக்கிறது. இரண்டு கட்சிக்குள் விரிசல் பெரிதாகிறது அல்லது அதிகரிக்கிறது, விரிசலுக்கு ஆழம் போட்டால் சுவரைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஆகிவிடும். இரு நாட்டு உறவு என்றால் வலுப்படுகிறது, நெருக்கமாகிறது. வறுமையும் கடனும் கூடுகின்றன. இருட்டு அடர்கிறது, கவிகிறது, சாதாரணமாகச் சொன்னால் நன்றாக இருட்டிக்கொண்டு வருகிறது. பையனுக்குக் குரல் டீப்பன் ஆனால் நமக்கு அருமையான சொல் இருக்கிறது, மகரக்கட்டு உடைந்தது என்போம், அப்புறம் குரல் கட்டையாகிவிட்டது என்போம். மரத்தின் வேர் இறங்குகிறது, ஊன்றுகிறது. இவற்றில் ஒன்றிலாவது 'ஆழ' என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள்.

ஆனால் 'ஆழ்' கட்டாயம் வர வேண்டிய இடமும் உண்டு, அதில் எனக்குப் பிடித்தது வானிலை அறிக்கை. அக்டோபர், நவம்பரில் வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி உருவாகி, தாழ்வு மண்டலமாகி, அது இன்னும் கூடினால் 'ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுப்பெற்றது' என்று எழுதுகிறோம். இந்திய வானிலைத் துறையின் வகைப்பாட்டில் காற்று மணிக்கு 50 முதல் 61 கிலோமீட்டர் வரை வீசினால் அந்தப் பெயர், 62ஐத் தொட்டால் புயல். அந்த வாக்கியத்தில் அடைமொழி 'ஆழ்ந்த', வினையோ 'வலுப்பெற்றது'. யார் முதலில் அப்படி அமைத்தார்களோ, காது உள்ளவர்கள். நடுவில் அழுத்தம் குறையக் குறைய அங்கே ஒரு பள்ளம் விழுந்த மாதிரி என்பதால் வானிலைக்காரர்கள் அதை டீப்பனிங் என்கிறார்கள். அழுத்தம் மறுபடி ஏறி அது பலவீனமானால் அவர்கள் சொல்லும் சொல் 'ஃபில்லிங்', அதாவது பள்ளம் நிரம்புகிறது. வாழப்பாடி நண்பர் சொன்ன கிணறு தூர்ந்துபோவதும் இதுவும் ஒரே படம்தான்.

ரைட்டர் சார், உங்கள் இரண்டாவது வாக்கியத்துக்கு 'தண்ணீர்த் தட்டுப்பாடு நாளுக்கு நாள் கூடிவருகிறது' என்று எழுதினால் போதும். மூன்றாவதில் சிக்கல் டீப்பன் மட்டும் இல்லை, 'என்கேஜ்மென்ட்' என்பதற்கு 'ஈடுபாடு' போட்டதும்தான். ஈடுபாடு ஒருவர் மனதில் இருப்பது, இரண்டு பேருக்கு நடுவில் இருப்பது அல்ல. ஈடு என்று ஆரம்பித்தாலே அடமானம் ஞாபகம் வருகிறவர்களும் நம் ஊரில் உண்டு. அவர்கள் சொல்ல வந்தது ஆட்களோடு இன்னும் கலந்து பேசுவோம் என்பது. அதையே எழுதுங்கள்.


தறிவீட்டுப் பெண், அம்மாப்பேட்டை

எல்லோரும் சொன்னதைப் படித்தேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். உள்ளே நடக்கிற விஷயங்களுக்கு ஆழம் என்பது தமிழுக்குப் புதிது இல்லையே. ஆழ்ந்த உறக்கம், ஆழ்ந்த இரங்கல், ஆழமான அன்பு என்று சொல்கிறோம், ஒருவர் மனதில் என்ன இருக்கிறது என்று நோட்டம் விடுவதை 'ஆழம் பார்க்கிறான்' என்கிறோம், 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். அப்படி இருக்கும்போது 'என் புரிதல் ஆழமானது' என்று ஒரு பிள்ளை எழுதினால் அதை ஆங்கிலத் தமிழ் என்று அடிக்கக் கூடாது. அறிவு, புரிதல், அன்பு, தியானம், மூச்சு, இவற்றுக்கு ஆழம் நன்றாகவே பொருந்துகிறது. எனக்கு இடிப்பது 'படுத்து' என்ற பகுதிதான். அன்பை யாராவது ஆழப்படுத்த முடியுமா? அது ஆழமாகும். கிணற்றைத்தான் ஆழப்படுத்த முடியும், ஏனென்றால் கிணறு சும்மா இருக்கும், நாம் போய்க் கை வைக்கிறோம். மனிதர் மேல் 'படுத்து' வந்தால் அவர்கள் கையில் எதுவும் இல்லை என்ற மாதிரி ஆகிவிடுகிறது. அந்த அம்மாவைப் பயமுறுத்தியது அதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் வேலையில் நிறத்துக்கு டீப் என்று டிசைன் அனுப்புகிறவர்கள் எழுதுவார்கள், 'டீப்பன் த மெரூன்' என்று போன மாதம் கூட ஒரு வாட்ஸ்அப் வந்தது. அதைச் சாயப்பட்டறை அண்ணனிடம் 'மெரூனை ஆழப்படுத்துங்க' என்று சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். 'இன்னும் ஒரு முக்கு முக்கி அழுத்தமா ஏத்துங்கண்ணா' என்றால் உடனே புரியும். நிறம் எங்களுக்கு ஏறும், இறங்கும், அழுத்தமாக இருக்கும், வெளிறும். கிணற்றுக்காரருக்கு இறக்கினால் டீப், சாயக்காரருக்கு ஏற்றினால் டீப்!

காலேஜில் பொருளாதாரம் படித்தபோது 'கேப்பிட்டல் டீப்பனிங்' என்று ஒன்று வந்தது. தமிழ் வழித் தோழிக்கு அதைப் புரிய வைக்க நான் எங்கள் தறிக்கூடத்தைத்தான் சொன்னேன். இரண்டு தறி, இரண்டு ஆள் இருக்கிறது, இன்னும் இரண்டு தறி வாங்கி அதே மாதிரி இன்னும் இரண்டு ஆள் போட்டால் மூலதனம் அகலமாகிறது, ஒரு ஆளுக்கு இருக்கிற கருவி கூடவில்லை. ஆளைக் கூட்டாமல், இருக்கிற ஆளுக்கே இன்னும் வேகமான, விலை கூடிய தறியைக் கொடுத்தால் ஒரு ஆளுக்குப் பின்னால் நிற்கிற மூலதனம் கூடுகிறது, அதுதான் டீப்பனிங். அதற்கு 'மூலதனச் செறிவு' என்று சொன்னபோது அவளுக்கு உடனே பிடிபட்டது. செறிதல் நல்ல சொல், இருக்கிற இடத்திலேயே கனம் கூடுவது. ஆழத்தை அப்படியே கொண்டுவர முடியாத இடத்தில் இதையும் யோசித்துப் பாருங்கள்.

அண்ணா, புது அறிவிப்பு எழுதினால் அந்த அம்மாவுக்கு முதலில் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு ஒட்டுங்களேன்.


ஓமலூர் வாத்தியார்

அம்மாப்பேட்டைப் பெண் சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன் அம்மா. 'ஆழமாகு' மனதுக்குப் பொருந்தும், 'ஆழப்படுத்து' பொருந்தாது. ஆங்கிலத்தில் ஒரே வடிவத்தில் இரண்டும் ஒளிந்திருப்பதால் மொழிபெயர்க்கிறவர் கை தன்னை அறியாமல் பிறவினைப் பக்கம் போய்விடுகிறது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். படிப்பு விஷயத்தில் ஒருவர் முயன்று செய்வதைச் சொல்ல வேண்டுமென்றால் 'இன்னும் ஆழ்ந்து படித்தான்' என்று வினையெச்சமாக வைத்துப் பாருங்கள். 'அறிவை ஆழப்படுத்திக்கொண்டான்' என்பதைவிட எவ்வளவு லேசாக இருக்கிறது!


எஸ்டேட் ரைட்டர், ஏற்காடு

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. வாழப்பாடி தம்பி கேட்ட கேள்வியை அன்றைக்கே மேல் ஆபீஸுக்கு போன் போட்டுக் கேட்டேன், நல்லவேளை கேட்டேன். கிணற்றில் இரண்டு வேலையும் இருக்கிறதாம். முதலில் நாலடிக்குச் சேறு எடுக்கிறார்கள், அப்புறம் பதினைந்து அடி இறக்குகிறார்கள், வெடியும் உண்டு. அவர்கள் கடிதத்தில் இருந்தது டீப்பன் என்ற ஒரு சொல்தான், வெடி பற்றி ஒரு வரிகூட இல்லை. கிணற்றுக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஆட்கள் மதியம் சாப்பிட உட்காருகிற சில்வர் ஓக் நிழல் இருக்கிறது.

நேற்று ஒட்டியது இது:

"பள்ளத்துக் கிணற்றில் திங்கட்கிழமை முதல் சேறு எடுக்கப்படும். அதன் பிறகு கிணறு இன்னும் பதினைந்து அடி இறக்கப்படும். பாறைக்கு வெடி வைக்கும் நாட்களில் மதியம் 1 மணி முதல் 2 மணி வரை கிணற்றுப் பக்கம் யாரும் போகக் கூடாது. விசில் ஊதிய பிறகே திரும்பப் போகலாம். சாப்பாட்டு இடம் அந்த நாட்களில் பழைய பல்ப்பர் கொட்டகை.

தண்ணீர்த் தட்டுப்பாடு வருடத்துக்கு வருடம் கூடிவருகிறது. பூக்கும் நேரத்தில் தண்ணீர் குறையாமல் இருக்கத்தான் இந்த வேலை.

இனி மாதம் ஒரு முறை எல்லோரோடும் உட்கார்ந்து பேசுவோம். வேலை, கூலி, வீடு, தண்ணீர் எதைப் பற்றியும் சொல்லலாம். இதனால் யாருடைய வேலைநாளும் கூலியும் குறையாது."

கடைசி வரி கடிதத்தில் இல்லை, போனில் கேட்டு உறுதி செய்துகொண்டு நானே சேர்த்தேன். தங்கச்சி சொன்னபடி ஒட்டுவதற்கு முன்னால் அந்த அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இறக்குறதுன்னு சொன்னா புரியுது சாமி, தண்ணி எத்தன அடியில கெடைக்கும்னு சொன்னாங்களா?" என்று கேட்டார். அது தெரியாது என்றேன். அவர் கல்யாணமாகி இந்த எஸ்டேட்டுக்கு வந்த புதிதில் இதே கிணற்றில் கோடையிலும் இடுப்பளவு தண்ணீர் நின்றதாம், குடத்தைச் சாய்த்தே மொண்டார்களாம். முதல் கூட்டத்தில் அதைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.